சுருதியை இறக்க ஸ்பீடைக் குறைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பள்ளி ஆண்டு விழாக்களிலும் கரோக்கி மேடைகளிலும், பாடுகிறவருக்கு ஏற்றபடி சுருதி இறக்கிய டிராக்குகள் ஒலிக்கின்றன. பல கேட்கச் சகிக்கவில்லை. பழி பாடகர் மேலும் ஸ்பீக்கர் மேலும் விழுகிறது. கோளாறோ பெரும்பாலும் மாற்றிய விதத்தில். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளிலேயே இதை ஒழுங்காகச் செய்யலாம்.

முதலில் கணக்கு. பாடுகிறவரின் சுருதியை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி 1 கட்டை, 2 கட்டை என்கிறோம். மென்பொருளோ செமிடோனில் கேட்கும்; கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அது. ஒரு கட்டைக்கு இரண்டு செமிடோன் என்று எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். ஆர்மோனியத்தைப் பாருங்கள்: 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அங்கே இடைவெளி ஒரே செமிடோன்தான். 7 கட்டைக்கும் மேல் 1 கட்டைக்கும் அப்படியே. ஆகவே 5 கட்டைப் பாட்டை 3 கட்டைக்கு இறக்க மைனஸ் 3 போட வேண்டும். மைனஸ் 4 போட்டால் பாட்டு இரண்டரைக் கட்டைக்குப் போய்விடும். வயலினோ வீணையோ நேரில் சேரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'பிட்ச் அண்ட் டெம்போ' பகுதி. 'சேஞ்ச் பிட்ச்' சுருதியை மட்டும் மாற்றும், 'சேஞ்ச் டெம்போ' காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை மட்டும். 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்' பழைய டேப்பை மெதுவாக ஓட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்து இழுக்கும். இதில் மூன்று செமிடோன் இறக்கினால் வேகம் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்து, 4 நிமிடப் பாட்டு நாலே முக்கால் நிமிடமாகும். மேடையில் ஆடும் பிள்ளைகளின் கால்தான் திண்டாடும்.

டெம்போவிலும் ஒரு பொறி உண்டு. ஒத்திகைக்காக 10 விழுக்காடு குறைத்ததை, 10 கூட்டினால் பழைய நிலைக்கு வராது, 11.11 கூட்ட வேண்டும். அதைவிட, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. மூன்று செமிடோனையும் ஒரே தடவையில் இறக்குங்கள். எம்பி3-யாகச் சேமித்து, திறந்து, மறுபடி சேமிக்கச் சேமிக்க ஒலி தேயும். வேலை முடியும்வரை, அப்படித் தேயாத வேவ் (WAV) கோப்பாகவே இருக்கட்டும்.

மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒட்டித்தான் பாட்டை நீட்டுகிறது. அதனால்தான் அதிகம் நீட்டும்போது மிருதங்கத்தின் ஒரு சொல் (ஒரு தட்டின் ஒலி) இரண்டாகக் கேட்கிறது. 'ஹை குவாலிட்டி ஸ்ட்ரெட்சிங்' என்ற இடத்தில் டிக் போட்டால் குரலும் வயலினும் வழவழப்பாக வரும், ஆனால் தாளவாத்தியத்தின் கூர்மை மழுங்கலாம். இரண்டு விதமாகவும் பத்து விநாடி ஓட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வாத்தியங்கள் தனித்தனி டிராக்காக இருந்தால் டிரம் செட்டின் சுருதியைத் தொட வேண்டாம். மிருதங்கமும் தபலாவும் ஆதார சுருதிக்குச் சேர்த்தவை என்பதால் அவை கூடவே இறங்கியாக வேண்டும்.

கர்நாடக இசைக்கு ஓர் எச்சரிக்கை. டெம்போவை 20 விழுக்காடு குறைத்தால் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தின் அசைவும் அதே அளவு மெதுவாகி, கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு) தொய்ந்துவிடும். பாடம் செய்வதற்கு இது உதவும், மேடைக்கு உதவாது. அந்தக் காலப்பிரமாணத்தில் யாராவது புதிதாக வாசித்துத்தான் தர வேண்டும்.

யாரும் எதையும் மாற்றாமலே பாட்டு ஒன்றரை செமிடோன் அளவு இறங்கி, வேகமும் 8 விழுக்காடு குறைந்திருந்தால், 48,000 சாம்பிள் ரேட்டில் (ஒரு விநாடி ஒலியை எத்தனை மாதிரிகளாகப் பதிகிறோம் என்ற எண்) பதிந்த கோப்பு 44,100-இல் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே எஃபெக்ட் எதுவும் போடக் கூடாது. ரேட்டைத் திருத்தினால் போதும்.

விழா நடத்துகிறவர்கள் டிராக் வாங்கும்போதே கட்டையையும் பிபிஎம் எண்ணையும் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்பதை) கோப்பின் பெயரிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்பே சுருதிப்பெட்டியை வைத்து ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கலைஞர் ஒருவர்,
மதுரை