குட்டியின் ஊசி அட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. நாய்க்குட்டி நல்ல துறுதுறுப்பு. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. அப்பா போனைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "காலைப் பார், பெரிசா வளரும்" என்றார். என் கண் போனது பக்கத்தில் கிடந்த ஊசி அட்டைக்கு. இத்தனை வருஷம் குழந்தைகளுக்கு ஊசி போட்டவளுக்கு வேறெங்கே போகும்? 8 வாரத்தில் போட்டதற்கு ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த தேதிக்கான கட்டம் காலியாக இருக்கிறது.

"ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், இத்தனூண்டு உடம்பில் எத்தனை ஊசிதான் போடுவது, இனி ரேபிஸ் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். யோசித்துச் செய்கிறாயே, அது எனக்குப் பெருமைதான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவளாக உன்னை நான் வளர்க்கவில்லை. ஆனால் முடிவெடுத்த பிறகுதான் என்னிடம் சொல்கிறாய். இப்போது எல்லா விஷயத்திலும் அப்படித்தான் ஆகிவிட்டது. சரி, அதை விடு.

நிறுத்தாதே. நிறுத்துவதாக இருந்தாலும் இப்போது நிறுத்தாதே.

பிறந்த அன்றைக்குக் குடிக்கும் சீம்பாலோடு தாயின் எதிர்ப்புச் சக்தியும் குட்டியின் ரத்தத்தில் சேர்ந்துவிடும். சில வாரம் அதற்கு அதுதான் காவல். ஆனால் அந்தக் காவல் இருக்கும்வரை நாம் போடும் ஊசியையும் வேலை செய்ய விடாது. வந்தவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காமல் வாசலிலேயே அடித்துவிடும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு 8 வாரம், இன்னொன்றுக்கு 12, சிலவற்றுக்கு 16 வாரம்கூட ஆகும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தொடும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அளவுக்கு மீறி ஏற்றுவதற்காக இல்லை. எந்த ஊசி வேலை செய்யும் என்று வெளியே இருந்து தெரியாது, அவ்வளவுதான். கடைசி ஊசிதான் இதில் முக்கியம். முதல் ஊசியோடு நின்றுவிட்டால், போட்டாயிற்று என்ற தைரியம் உனக்கு இருக்கும். குட்டியின் உடம்பில் ஒன்றும் இல்லாமல் போகலாம். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியை 9 மாதம் வரையாவது தள்ளிப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி தட்டம்மைக் கிருமிக்குப் பங்காளி. எத்தனையோ அம்மாக்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நம் நாய் மணி விஷயத்தை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வாந்தியும் ரத்தபேதியுமாக நாயைச் சாய்க்கும் பார்வோ நோய் எப்படி இருக்கும் என்று நீ பார்த்தவள். என் சின்ன வயதில் அப்படி ஒரு நோய் கேள்விப்பட்டதே கிடையாது. 1978 வாக்கில்தான் அது உலகம் முழுக்க நாய்களிடம் பரவியது. மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும். சாதாரண சோப்புக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் வேண்டும். குட்டி வெளியே போகாவிட்டாலும் நீ போட்டுவரும் செருப்பின் அடியில் உள்ளே வந்துவிடும். போட்டோவில் வாசலோரம் ஒரு ஜோடி செருப்புதான் தெரிந்தது, உன்னுடையது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை வெளியிலேயே கழற்றிவை.

எல்லா ஊசியும் எல்லா நாய்க்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ், இந்த மூன்றும் எங்கே வளரும் நாய்க்கும் வேண்டும். ரேபிஸ் நோய் உள்ள நாடென்றால் அந்த ஊசியும் வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசி, எலி நடமாட்டமும் தேங்கிய தண்ணீரும் உள்ள இடமென்றால் அவசியம். முதலில் இரண்டு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. அந்த நோய் உனக்கும் தொற்றும். நாய்க்கான கொரோனா ஊசி வேண்டாம். இருமலுக்கான ஊசி, பல நாய்கள் சேரும் இடத்தில் விட்டால்தான். நீ வேலையாக வெளியூர் போகும்போது குட்டியை எங்காவது விட்டுவிட்டுப் போவாயா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? டாக்டர் கண்டிப்பாகக் கேட்பார், யோசித்து வை.

ஒன்று மட்டும் என் மனசில் கிடந்து உறுத்துகிறது. ரேபிஸ். வார்டில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தாகத்தில் தண்ணீர் கேட்பார், டம்ளரைக் கிட்டே கொண்டுபோனாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், கையால் தட்டிவிடுவார். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. 12 வாரத்தில் அந்த ஊசியைப் போட்டுவிடு, ஒரு வருஷம் கழித்து இன்னொன்று, பிறகு மருந்தையும் அங்கத்திய சட்டத்தையும் பொறுத்து. உன்னை எந்த நாயாவது கடித்தாலோ பிராண்டினாலோ, சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடாதே. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவு, அன்றைக்கே டாக்டரிடம் போ. தனியாக இருக்கும்போது இதையெல்லாம் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடாதே.

உடம்புக்குத் தாங்குமா என்று பயப்படுகிறாய். பாதி மருந்து போடச் சொல்லாதே. இந்த மருந்து எடைக்கு ஏற்றதல்ல, சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் ஒரே அளவுதான். வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடச் சொல். ஒருநாள் இரண்டுநாள் சோர்ந்து படுக்கும், ஊசி இடம் தடிக்கும், அது சரியாகிவிடும். முகம் வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடு. அதனால் ஊசி போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார். அன்றைக்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் சொல்லிவிட்டுத் தேதியை மாற்று. மாற்றலாம், விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் முதல் வருஷத்துக்குத்தான். 6 மாதத்திலோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டர். அதன் பிறகு பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூன்றையும் 3 வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை. வருஷா வருஷம் எல்லாம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்போது கேள்வி கேள், உனக்குக் கேட்கத் தெரியும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் டைட்டர் பார்க்கவும் வழி இருக்கிறது.

ஊசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. மனுஷரும் சத்தமும் பழக வேண்டிய வயசு இதுதான். கையில் தூக்கிக்கொண்டு வெளியே போ. நாலு பேர் பார்க்கட்டும், பேசட்டும். உனக்கும் நல்லது.

குட்டிக்கு இப்போது 10 வாரம் ஆகியிருக்கும். நாளைக்கே டாக்டரைக் கூப்பிட்டு 12 வாரத்துக்கும் 16 வாரத்துக்கும் தேதி வாங்கி, அட்டையில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. 16 வார ஊசிக்கு நான் வருகிறேன். அதற்குள் குட்டி கனத்திருக்கும், பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வர வேண்டாம் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. பதில் இல்லையென்றால் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

அம்மா