விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, பெங்களூரிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெங்களூரு அல்சூர் பக்கம் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். ஒருவர் வாங்கிய ஹெட்ஃபோனை மற்றவர்கள் மாற்றி மாற்றிக் கேட்போம். பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள்தான். தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரம், மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் எழும்பி அடங்கும் விதம், இதையெல்லாம் ஒரு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டால் அப்புறம் மலிவான ஒன்றில் மனசு ஒட்டாது. பொழுதுபோகாமல் விலை பேசுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2009இல் சென்ஹைசர் எச்டி 800 ஹெட்ஃபோன் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 1,400 டாலர். 2016இல் ஃபோக்கல் யுடோப்பியா 4,000 டாலர். அடுத்த வருடம் ஹைஃபைமேன் சுஸ்வாரா 6,000. அதன் புதிய வடிவம் 2024இல் 8,000.

எல்லா ஏற்றத்தையும் நாங்கள் குறை சொல்லவில்லை. யுடோப்பியாவின் புதிய பதிப்பு 2022இல் 5,000 டாலருக்கு வந்தது. இடைப்பட்ட வருடங்களின் பணவீக்கமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அதில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பெரிலியம் சவ்வும் லேசான வேலை இல்லை. அந்த உலோகத்தின் தூசி நச்சு, கையாளுவது கடினம். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எட்டே வருடத்தில் இந்த ரக ஹெட்ஃபோனின் விலை 1,400இலிருந்து 6,000 ஆனதற்குப் பணவீக்கம் காரணமாக முடியாது. அதே ஹைஃபைமேனின் சுந்தரா 2018இல் 500 டாலருக்கு வந்து, பிறகு 300க்கு இறங்கியது. போட்டி இருக்கும் இடத்தில் விலையைக் குறைக்க முடிகிறது. உச்சியில் மட்டும், விலை கூடினால்தான் மதிப்பு என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகவே எங்களுக்குப் படுகிறது.

2017இல் டாலர் 65 ரூபாய் அளவில் இருந்தது. இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. 6,000 டாலர் என்றால் சுங்க வரிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டிக்கும் முன்பே ஐந்து லட்சத்துக்கு மேல். வரி உங்கள் கையில் இல்லை, அதை அரசிடம் கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் கையில் இருப்பது உதிரி பாகம். எங்களில் ஒருவரின் ஹெட்ஃபோனில் வாரன்ட்டி முடிந்த கொஞ்ச நாளில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. டிரைவர் என்னும் ஒலி எழுப்பும் பாகம் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவும் வாங்கியவருடையது என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. மாதக் கணக்கில் சேமித்து வாங்கியது இன்றும் அலமாரியில்தான் கிடக்கிறது.

1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600ஐ எடுத்துப் பாருங்கள். காதில் படியும் மெத்தையான இயர்பேட், கேபிள், தலைப்பட்டை, டிரைவர் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையாலேயே கழற்றி மாற்றலாம். அதன் விலையைப் போலப் பல மடங்கு வாங்கும் நீங்கள் இதையாவது செய்ய வேண்டாமா? விற்பனையை நிறுத்திய பிறகும் பத்து வருடத்துக்குப் பாகங்கள் கொடுங்கள். அவற்றின் விலையை ரூபாயில், ஹெட்ஃபோன் விற்கும் நாளிலேயே அறிவியுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குபவர் முதலில் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்க, இந்த ஊரில் ஒரு கடையிலாவது ஒன்றை வையுங்கள்.

பதில் எழுதுவதானால், ஒரு ஜோடி இயர்பேட் என்ன விலை, பெங்களூரில் எங்கே கிடைக்கும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் நண்பர்கள் சார்பாக ஒரு ரசிகன்