தண்ணீர் பாட்டில் நிறைந்தே திரும்பினால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேர்க்கைக் காலம் வந்தால் 'நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்ற கட்டுரைகள் வரிசைகட்டி வருகின்றன. கட்டடம், ஸ்மார்ட் வகுப்பறை, தேர்ச்சி சதவீதம், ஆண்டுவிழாப் படங்கள் என்று பட்டியல் நீள்கிறது. தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை இவற்றை வைத்து எதையும் கணிக்க முடியாது. இரண்டாம் வகுப்புக் குழந்தையின் வாசிப்பையும் கணக்கு நோட்டையும் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பல குழந்தைகள் கணீரென்று படிப்பார்கள். விரலைக் கவனிக்க வேண்டும். வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும், விரல் முதல் வரியிலேயே நிற்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால், பாடத்தின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிப்பார்கள். அது மனப்பாடம். உயிர்மெய் 216 எழுத்தையும் அட்டவணையாகவே ஓதவைத்தாலும் இதே கதைதான்: 'பொ'வைக் காட்டினால் ப, பா, பி, பீ என்று படியேறித்தான் அங்கே போய்ச் சேர்வார்கள்.

'பொ'வில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொம்பு முன்னே, கால் பின்னே, ஒலியோ ஒன்றே ஒன்று. காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'பொம்மை'யை 'பெரம்மை' என்று படிக்கும் குழந்தைகள் உண்டு. கவனக்குறைவு என்று அதட்டுவதில் பயனில்லை. கண் கண்டதைத்தான் வாய் சொல்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு குறி போதும். கால் மட்டும் எடுத்துக்கொண்டு கா, பா, மா, நா. கூடவே பால், மான், நாய் என்று சொற்கள். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒரே நாளில் நடத்தினால் இரண்டும் குழம்பும். பிறகு ஒலி. கதவு, பக்கம், முகம், தங்கம் என்ற நான்கிலும் இருப்பது 'க'தான், ஆனால் ஒலி ஒன்றில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை 'மு-க-ம்' என்று வல்லோசையில் சொல்லிவிட்டு, அது தனக்குத் தெரிந்த முகம்தான் என்று புரியாமல் விழிக்கும். வாய்விட்டுச் சொல்லிக் காட்ட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் போய்விடுகிறது.

கணக்கு நோட்டில் 42-லிருந்து 17 போனால் 35 என்று எழுதியிருக்கும். பெருக்கல் குறி மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அத்தோடு சரி. குழந்தை என்ன செய்தது என்று பார்த்தால் தப்பிலும் ஓர் ஒழுங்கு இருக்கும்: 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. அதே வகைக் கணக்கு இன்னும் பத்து கொடுத்தாலும் பத்தும் இப்படியே தப்பும். பத்துப் பத்துக் குச்சியாக நான்கு கட்டு, உதிரியாக இரண்டு என்று கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். உதிரி 12 ஆகும், ஏழை எடுத்தால் ஐந்து, மீதியுள்ள மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு, விடை 25. 'கடன் வாங்குவது' என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் குழந்தைக்கும் இதே குச்சிக்கட்டுதான் மருந்து.

அழகான நோட்டு என்றால் எனக்குச் சந்தேகம்தான். கரும்பலகையில் 'இயற்கை' 'இயர்க்கை' ஆகி, முப்பது நோட்டிலும் அப்படியே இறங்கி, முப்பதுக்கும் சரி போட்டிருந்தால் குழந்தையும் எழுதவில்லை, ஆசிரியரும் திருத்தவில்லை. தப்பைச் சுற்றி ஒரு வட்டம், அதன் கீழே குழந்தையே திரும்ப எழுதிய வரி, அந்த வரிக்கு மறுநாள் ஒரு சரி: இப்படி இருக்கும் நோட்டு பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் அங்கே பாடம் நடக்கிறது.

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பதிவு செய்தபடி, பெரும்பாலும் ஒரு விநாடிதான். மூன்று விநாடி பொறுத்தால் விடை நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காத குழந்தையும் பேசுகிறது. 'புரிஞ்சுதா?' என்றதும் 'புரிஞ்சுது டீச்சர்' என்று வகுப்பே பாடுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இனி பராமரிப்பு. மாலையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தே வீடு திரும்பினால் மறதி என்று விட்டுவிடாதீர்கள்; கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று குழந்தை குடிக்காமல் இருந்திருக்கலாம். குடிக்காமலும் அடக்கி அடக்கியும் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைவலி எல்லாம் வரலாம். 25 பெண் குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறை, 50 ஆண் குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் குழந்தைகள் போகாத பள்ளிகள் உண்டு. தாழ்ப்பாள் பெரியவர்களின் தோள் உயரத்தில், 140 செ.மீ.யில் இருக்கும். ஆறு வயதுக் குழந்தையின் மொத்த உயரமே ஏறக்குறைய 115 செ.மீ. எக்கித் தொட்டாலும் இறுகிய தாழ்ப்பாளை இழுக்கப் பிடி கிடைக்காது. அதனால் தோழி ஒருத்தியை வாசலில் காவல் வைத்துவிட்டுப் போகும், அவள் வராத நாளில் போகாது. சோப்பு தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டியிருக்கும், திருடுபோகிறதாம்.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பலகையைப் பார்க்கும் குழந்தையை 'மக்கு' என்று முத்திரை குத்துவதற்கு முன் கண்ணையும், இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்பும் குழந்தைக்குக் காதையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அடிப்பதைப் பற்றி எழுத எதுவும் இல்லை, கூடாது.

அடுத்த சேர்க்கைச் சிறப்புப் பக்கத்துக்குத் தங்கள் நிருபர்கள் போகும்போது, எந்தக் குழந்தையும் முன்பு பார்த்திராத ஒரு கதைப்புத்தகமும் ஓர் அளவுநாடாவும் கொண்டுபோகட்டும். தாழ்ப்பாள் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கட்டடப் படத்துக்குக் கீழேயே அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்