ஐந்து தட்டு

அன்புள்ள கலா,

ஆறு மாதமாக ஒரு வரி கூட எழுதவில்லை என்று நீ திட்டியது நியாயம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வீடு மாறியாகிவிட்டது. மற்றதை நேரில் சொல்கிறேன். இப்போது வேறு ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சல்சா நடன வகுப்புக்குப் போகிறேன். சரோஜா டீச்சரிடம் மட்டும் சொல்லிவிடாதே, கொலுசுக் கதை மறுபடி ஆரம்பித்துவிடும்! போன வாரம் அங்கே சொல்லித் தருகிறவர், "இந்தத் தாளமெல்லாம் ஸ்பெயின்காரர்கள் கியூபாவுக்குக் கொண்டுவந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பொறுக்கவில்லையடி. பாட்டின் மொழியும் கிட்டாரும் ஸ்பெயின் தந்தவை, ஒப்புக்கொள்கிறேன். தாளம் யார் தந்தது?

கிளாவே என்று இரண்டு உருட்டுக் கட்டைகள். கியூபாவின் தலைநகர் ஹவானாவில், கப்பல் தளத்தில் பலகைகளை இணைக்க அடித்த மர ஆணியிலிருந்து வந்தவை என்பார்கள். உள்ளங்கையைக் குழித்து அதன் மேல் ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதால் தட்ட வேண்டும். பதினாறு மாத்திரைக்கு ஐந்தே தட்டு. உன் தாத்தா தொடையில் தட்டிச் சொல்லித் தந்த கணக்கில் சொன்னால்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டு. இது கியூபாவின் சோன் இசைக்கு. அங்கேயே ரும்பா என்று இன்னொரு இசை வகை; அதற்கு மூன்றாவது தட்டு ஒரே ஒரு மாத்திரை தள்ளி விழும்: தகிட தகதிமி தகிட தக தகதிமி. அந்த ஒரு மாத்திரைக்கே உடம்பு வேறு பக்கம் சாய்கிறது! சோனின் அதே ஐந்து தட்டை மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இரும்பு மணியில் அடிக்கிறார்கள்.

கியூபாவின் மட்டான்சாஸ் கரும்புத் தோட்டங்களுக்கும் ஹவானா துறைமுகத்துக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர்களின் தாளம் இது. கியூபாவில் அடிமை முறை ஒழிந்ததே 1886-இல்தான். தோல் மேளம் அடிக்கத் தடை வந்தபோது, உப்பு மீன் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள். சின்ன மெழுகுவத்திப் பெட்டிக்குக் கீச்சென்ற குரல். யம்பூ என்ற ரும்பா வகை இன்றைக்கும் பெரும்பாலும் பெட்டியில் வாசிக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் கொண்டுவந்த பாத்தா மேளம் மூன்றில் பெரியதன் பெயர் இயா. அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள். ஊர், உறவு, பெயர் எல்லாம் பறிபோன பிறகும் அந்தச் சொல்லை விடாமல் வைத்திருந்தார்கள், கலா. அதைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெருமேளம் என்று ஒதுக்கிய காங்கா என்ற உயரமான மேளத்தை 1940 வாக்கில் சோன் குழுவுக்கு நடுவில் உட்கார வைத்தவர் ஆர்சேனியோ ரோட்ரிகெஸ். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். சல்சா அந்த வாசிப்பின் மேல் எழுந்தது. இதையெல்லாம் அடுத்த வகுப்பில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

நீ சோன், ரும்பா இரண்டு தாளத்தையும் தட்டிப் பதிவு செய்து அனுப்பு. ரும்பாவில் மூன்றாவது தட்டுக்கு நீ முந்திக்கொள்வாய், எனக்குத் தெரியும். தாத்தா எத்தனை தடவை உன் கையைப் பிடித்து நிறுத்தினார்!

உன்,
வசந்தி