கோரிக்கை மனு: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தை நீதிமன்றத்தின் கண்முன்னே கலைக்க வேண்டும்

பெறுநர்: கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அவர்கள், பிரிட்டோரியா, தென்னாப்பிரிக்கா
அனுப்புநர்: வெருலம், டோங்காட் பகுதிக் காய்கறி விவசாயிகள் (கையொப்பங்களும் சங்கத்தின் பதிவு எண்ணும் இணைப்பில்)

ஐயா / அம்மா, வணக்கம்.

சங்கத்தை மூடக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், தோட்டத்தில் இறங்க ஆள் இல்லை, கிளேர்வுட் மொத்தச் சந்தைக்கு லாரி அனுப்பினால் சில வாரம் டீசல் காசுகூடத் தேறுவதில்லை. சரி, மூடலாம். ஆனால் மூடுகிற விதம் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

நிர்வாகக் குழு ஒரு பொதுக்கூட்டம் போட்டு, கலைப்பதற்குச் சிறப்புத் தீர்மானம் நிறைவேறியதாக எழுதிக்கொண்டது. பல உறுப்பினர்களுக்கு அறிவிப்பே வரவில்லை. வந்தவர்கள் கையில் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எங்களோடு சுலு பேசும் விவசாயிகளும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், தமிழ்க் குடும்பங்களிலும் வயதானவர்களுக்கு அந்தச் சட்ட ஆங்கிலம் புரியாது, கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, குளிர்பதன அறையும் அது நிற்கிற நிலமும் ஏற்கெனவே விலை பேசப்பட்டுவிட்டன, வாங்க வருபவர் குழுவில் உள்ள ஒருவருக்கு நெருங்கிய உறவு என்று. ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்று நடக்க வேண்டிய சங்கத்தில் இது நடந்திருக்கிறது.

அந்த நிலம் ஏன் எங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்துவைத்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால், தாங்கள் இருந்த இடத்தை இழந்த குடும்பங்களும் எங்களில் உண்டு. எல்லோரும் சேர்ந்து சொந்தமாக்கிக்கொண்ட அந்தத் துண்டு நிலம் நாலு பேர் பேச்சில் கைமாறுவதை ஏற்க முடியாது.

2005-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் கூட்டுறவுச் சட்டப்படி, சங்கத்தின் உபரியில் குறைந்தது 5 சதவீதம் ஒதுக்கு நிதிக்குப் போக வேண்டும். எங்கள் ஒதுக்கு நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, மூடிய பிறகு அது யாரிடம் போகும் என்று கேட்டால், "எல்லாம் முறைப்படி நடக்கும்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

அதே சட்டத்தில் உறுப்பினர் தீர்மானத்தால் கலைப்பதற்கும் வழி உண்டு, நீதிமன்ற ஆணையால் கலைப்பதற்கும் வழி உண்டு. எங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். உயர் நீதிமன்றத்தின் ஆணை இருந்தால், சங்கத்தின் சொத்தை விற்றுக் கணக்கு முடிக்கும் லிக்விடேட்டர், அதை மேற்பார்க்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், அந்தக் கணக்கை நாங்களும் பார்க்கலாம், தவறு இருந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், அதற்கும் பலன் இல்லாவிட்டால் நீதிபதியிடமே போகலாம். குழு தானே விற்று, தானே பங்கு பிரித்து, தானே கணக்கு முடித்தால் இதில் ஒன்றும் எங்களுக்குக் கிடைக்காது. வழக்கைத் திறந்த நீதிமன்றத்தில் நியாயமாகக் கேட்கச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 34-ஆம் பிரிவு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது.

ஆகவே, நீதிமன்றம் இதைப் பார்க்கும்வரை சங்கத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் நாங்கள் யார்மேல் வழக்குப் போடுவது? அதற்குள் நிலத்தையோ குளிர்பதன அறையையோ விற்க வேண்டாம் என்று குழுவுக்கு எழுத்தில் சொல்லுங்கள். நீங்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமானால் தயவுசெய்து கொண்டுபோங்கள். முடியாது என்றால் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ நாங்கள் மனுப் போடுகிறோம். அதற்குத் தீர்மானத்தின் நகல், வருகைப் பதிவு, கடைசியாகத் தாக்கலான கணக்கு மூன்றும் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்படி இந்த மனுவையே அதற்கான விண்ணப்பமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், தனிப் படிவம் வேண்டுமென்றால் அனுப்புங்கள், நிரப்பித் தருகிறோம். அந்தச் சட்டம் பதிலுக்குக் கொடுப்பது 30 நாள். மறுப்பதாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

பதிலை ஆங்கிலத்தோடு சுலுவிலும் அனுப்பினால் நன்றாக இருக்கும். தமிழில் நாங்களே படித்துச் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உறுப்பினர்கள் சார்பில்