சிசிலி பீட்சாவும் நம் ஊர் வெக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, இத்தாலியின் சிசிலித் தீவுக்குரிய தடிமனான பீட்சாவின் செய்முறையை வரி பிசகாமல் செய்துபார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிசைந்த மாவை இரண்டு மணி நேரம் மூடிவைக்கச் சொல்லியிருந்தார்கள். தக்கலையில், சித்திரை மாத மதியத்தில், ஓட்டுக்கூரை அடுக்களையில் வைத்த என் மாவோ ஒன்றேகால் மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு, புளித்த கள்ளின் வாடையுடன் மேசையில் வழிந்துவிட்டது. அதையே வழித்தெடுத்துச் சுட்டதில், நடுவில் குழிந்து, நிறமே ஏறாமல் வெளிறிப்போயிற்று. மாவிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் பிறகு சிவப்பதற்கு என்ன மிஞ்சும்?

அந்த இரண்டு மணி நேரம் குளிர்நாட்டு அடுக்களைக்கான கணக்கு. கள் ஊற்றி ஆப்பத்துக்கு மாவு கரைத்த வீடுகள் உள்ள நம் மாவட்டத்தில், வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பீட்சா என்றவுடன் நானும் மாவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை 400 கிராம் மைதாவுக்கு 260 மில்லி குளிர்ந்த நீர், 8 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் மட்டும் சேர்த்துப் பிசைந்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில், எண்ணெய் தாராளமாக ஊற்றிய சதுரத் தட்டில் மாவைப் போட்டு விரலால் பரத்தியபோது அது ரப்பர் போலச் சுருங்கிச் சுருங்கி வந்தது. மல்லுக்கட்டாமல் இருபது நிமிடம் விட்டுவிட்டால் தானாகவே இளகி மூலைவரை படிகிறது. விரலால் அழுத்திய குழி மெல்ல மேலெழும் பதம் வந்தபின், 230 டிகிரியில் மின்னடுப்பின் (ஓவன்) கீழ்த்தட்டில் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். தட்டிலுள்ள எண்ணெயில் அடிப்பாகம் பொரிந்து மொறுமொறுப்பாகவும், உள்ளே பஞ்சு போலவும் வந்தது. நேப்பிள்ஸ் நகரத்து மெல்லிய பீட்சாவுக்கு சுமார் 450 டிகிரி அனல் வேண்டும். வீட்டிலுள்ள சிறிய மின்னடுப்புக்கு ஏற்றது இந்தத் தடிமனானதுதான்.

இன்னொன்று. மொசரெல்லா சீஸை அள்ளிக் கொட்டினால்தான் சிசிலி பீட்சா என்பதுபோல் அக்குறிப்பு அமைந்திருந்தது. சிசிலியின் பாலெர்மோ நகரில் ‘ஸ்பின்சோனே’ என்று பெயர்பெற்ற பழைய வகையில், வதக்கிய வெங்காயமும் தக்காளியும், உப்பிலிட்ட நெத்திலியும், காச்சோகவாலோ என்னும் சீஸும், மேலே தூவிய ரொட்டித்தூளும்தான் முக்கியம். நெத்திலிக்கு, மீன்பிடித் துறையான குளச்சலை அடுத்துள்ள நாம் அலைய வேண்டியதில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, உப்பைக் கழுவி, முள்ளெடுத்து வெங்காயத்தோடு வதக்கினேன். வீட்டில் முகம் சுளித்தவர்களே இரண்டாம் துண்டு கேட்டார்கள்.

இனி இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, நேரத்துடன் மாவின் பதத்தையும், அந்த நேரம் எத்தனை டிகிரி வெப்பத்துக்கு உரியது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.