செயலாளர் ஆண்டறிக்கை: கார்பன் கணக்கில் நமது முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன்: உறுப்பினர் நிறுவனங்கள் தங்கள் கார்பன் உமிழ்வை அளப்பதும் ஈடுசெய்வதும்.

அளப்பதற்கு, 2001-இல் வெளிவந்து 2004-இல் திருத்தப்பட்ட ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற பசுமைக்குடில் வாயுக் கணக்கு முறையையே எடுத்துக்கொண்டோம். நாமே எரிக்கும் எரிபொருளும் நம் கருவிகளிலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1, விலைக்கு வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மூலப்பொருள் தருபவரில் தொடங்கி ஊழியர் பயணம் வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3. பயன்படுத்திய அளவை உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. "டீசல் ஒரு கிலோகூட இல்லையே, புகை எப்படி அதைவிட எடை?" என்று பயிற்சியில் ஓர் உறுப்பினர் கேட்டார். எரியும்போது காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. அன்றைக்குப் பலருக்கும் இந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை வந்தது அந்தக் கேள்வியால்தான்.

பெருக்குவது எளிது, பில்களைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. ஏசிக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பினோம் என்று அநேகமாக யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2.1 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதாவது ஏறத்தாழ 780 லிட்டர் டீசலை எரித்ததுபோல. கேஸ் நிரப்பும் தேதியையும் எடையையும் தயவுசெய்து இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.

அப்புறம், ஈடுசெய்வது. ஒரு கார்பன் கிரெடிட் என்றால், வேறோர் இடத்தில் குறைத்த அல்லது உறிஞ்சிய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கான சான்று; அதை வாங்கி நம் உமிழ்வில் ஒரு டன்னுக்கு ஈடாகக் காட்டலாம். ஆண்டின் தொடக்கத்தில், கணக்கு முடியும் முன்பே கிரெடிட் வாங்கிவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். அது தவறு. எத்தனை டன் என்றே தெரியாமல் எதை ஈடுசெய்வது? பிறகு மரம் நடும் திட்டத்தின் கிரெடிட்டை விற்க வந்தவரிடம் குழு மூன்று கேள்விகள் கேட்டது. நம் பணம் இல்லாவிட்டாலும் அந்த மரங்கள் நடப்பட்டிருக்குமா? காட்டுத்தீயில் எரிந்துபோனால் யார் பொறுப்பு? இன்னொருவருக்கு மறுபடி விற்க முடியாதபடி, பதிவேட்டில் நம் பெயரில் கிரெடிட்டை முடித்து வைப்பீர்களா? தெளிவான பதில் வரவில்லை, வாங்கவில்லை.

நிறுவனங்களின் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளுக்கு நெறிமுறை வகுக்கும் எஸ்பிடிஐ அமைப்பின், 2021-இல் வந்த நெட் ஜீரோ (நிகர பூஜ்ய உமிழ்வு) நெறிமுறை, பெரும்பாலான நிறுவனங்கள் 90 சதவீதமாவது குறைத்த பிறகே மிச்சத்தைச் சமன்செய்ய வேண்டும் என்கிறது. நமக்கு அது தொலைதூர இலக்குதான். ஆனாலும் வரிசை அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கம்ப்ரசர் குழாய்களில் காற்றுக் கசிவை அடைத்த உறுப்பினர்களுக்கு மின்கட்டணமும் சேர்ந்தே குறைந்திருக்கிறது.

ஸ்கோப் 3 இன்னும் அரைகுறைதான். சப்ளையர்களுக்கு அனுப்பிய படிவங்களில் பல திரும்பவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியாகக் கேட்பதைவிடச் சங்கத்தின் பெயரில் ஒரே படிவமாக அனுப்பலாம் என்ற தீர்மானத்தை, இந்த அறிக்கையோடு சேர்த்து உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்